கன்னியம்மாள் வலப்பக்கம் திரும்பிய நாள்

திருச்சானூர் ஆட்டோ ஸ்டாண்டில் கன்னியம்மாளின் வண்டி எது என்று யாரும் தேட வேண்டியதில்லை. முன்கண்ணாடியின் மேல் மஞ்சள் எழுத்தில் 'அலமேலு' என்று கோயில் தாயார் பெயர் எழுதியிருக்கும். ஹாண்டிலில் தினமும் ஒரு துளசிச் சரம் தொங்கும். இதைவிடப் பெரிய அடையாளம் ஒன்றும் உண்டு. அந்த வண்டி இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும்.

சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அதுதான் நிஜம். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் வருவாள். கோயிலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவாள். மற்ற ஆட்டோக்காரர்கள் அங்கிருந்து நேரே போய், தாமரைக் கூட்டு ரோட்டில் யு-டர்ன் போட்டு, டிவைடருக்கு அந்தப் பக்கமாகத் திருப்பதிக்குத் திரும்புவார்கள். கன்னியம்மாள் கூட்டு ரோடு வருவதற்கு முன்பே இடப்பக்கச் சந்தில் நுழைந்துவிடுவாள். சந்து முடிகிற இடத்தில் இன்னொரு இடது. கோயிலுக்குப் பின்னால், லாட்ஜுகளின் முதுகுப் பக்கமாக ஓடுகிற பழைய ரோட்டைப் பிடித்து, அதன் வழியாகவே திருப்பதிக்குப் போய், பஸ் ஸ்டாண்டு அருகே மறுபடி ஒரு இடது. அவ்வளவுதான், கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவாள்.

"இன்னா அக்கா, இன்னிக்கும் சந்து யாத்திரைதானா?" என்பான் புருஷோத்தமன். ஸ்டாண்டில் அவளுக்கு அடுத்த வண்டி அவனுடையது.

"நீ போய்க்கினே இரு புருசு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"உனக்கு இல்ல. உன் வண்டியில ஏறினவங்களுக்குக் கீதே."

கன்னியம்மாள் சாந்தமான பெண். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கோபம் வந்தால் கோவிந்த நாமம் சொல்வாள். புருஷோத்தமனின் புண்ணியத்தில் நாளொன்றுக்கு நிறையவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாள் பிறந்தது நகரிக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர். நைனாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் வயலில்தான் வேலை. ஐந்தாவது முடித்ததும் அவளும் களையெடுக்கப் போனாள். கல்யாணமாகி நகரிக்கு வந்தபோது, வீட்டுக்குள்ளேயே பவர்லூம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கன்னியம்மாளும் அவள் புருஷன் முனிகிருஷ்ணனும் கையாலும் கண்ணாலும் பேசியே பிள்ளையை வளர்த்தார்கள். பிள்ளை சுரேஷ்பாபு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அதற்குள் பஞ்சுத் தூசி முனிகிருஷ்ணனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. தூசி இல்லாத வேலை பார் என்றார் டாக்டர். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தாயார் கூப்பிட்டிருக்கிறாள் என்றே கன்னியம்மாள் அதை எடுத்துக்கொண்டாள்.

சுரேஷ்பாபுவின் சிநேகிதன் ஒருவன் ஆட்டோவை விட்டுவிட்டு ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போனான். அந்த வண்டி இவள் கைக்கு வந்தது. காய்ந்த ஏரியில் ஓட்டிப் பழகினாள். லைசென்சு டெஸ்டு சித்தூரில். மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் நாளே மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு போனவள், சுண்ணாம்புக் கோட்டில் ஒரு பொட்டுக்கூடப் படாமல் எட்டுப் போட்டுவிட்டு இறங்கினாள். எதிரே யாரும் வராத எட்டு அது. ஹாரன் அடிக்கிறவர்கள் இல்லாத எட்டு.

தாமரைக் கூட்டு ரோடு அப்படியா? நான்கு பக்கமும் ரோடு. நடுவில் வட்டத் திட்டு. திட்டின் மேல் சிமெண்டில் பெரிய தாமரைப்பூ, அதற்கு ரோஸ் பெயிண்டு. வண்டி ஓட்ட ஆரம்பித்த முதல் வாரத்தில் அங்கே யு-டர்ன் போடப் போனாள். ரோட்டின் இடது ஓரத்திலிருந்தே சட்டென்று வலப்பக்கம் ஒடித்தாள். பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. பயத்தில் இவள் வண்டியும் நடு ரோட்டில் அணைந்துபோனது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நான்கு பக்கமும் ஹாரன். பஸ் டிரைவர் தலையை நீட்டித் தெலுங்கில் என்னென்னவோ திட்டினார். நல்லவேளை, அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே அவளுக்கு ஒரு வாரத்துக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது.

அன்றைக்குக் கண்டுபிடித்ததுதான் அந்தச் சந்து.

கார்த்திகை பிரம்மோற்சவம் தொடங்கியது. ஊரே தோரணமும் விளக்குமாக மாறியது. தாயார் தினமும் ஒரு வாகனத்தில் எழுந்தருளினாள். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம். மலைமேல் இருக்கும் சுவாமியிடமிருந்து சீர் வந்து, சக்கரத்தாழ்வாரைக் குளத்தில் முழுக்காட்டுகிற நேரத்தில் கூடவே முழுகி எழுந்தால் போதும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள்.

ஊரிலிருந்து போன் வந்தது. முனிகிருஷ்ணனின் அண்ணி தனபாக்கியம்.

"கன்னியம்மா, இந்த வாட்டி நான் வந்துடறேன். பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க மூணு பேரும் வராங்க. முனி நெஞ்சு சரியாவணும்னு நான் அன்னிக்கே வேண்டிக்கினேன். போன வருசம் முட்டி வலின்னு வர முடியல. தாயார் இன்னா நெனச்சுக்கினு கீறாளோ."

"ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா. நீ வா அக்கா. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து என் வண்டியிலயே இட்டுகினு போறேன்."

"அதுக்குத்தானே வரேன். எங்கூட்டு மருமக ஓட்டற வண்டியில குந்திக்கினு தாயாரப் பாக்கப் போனேன்னு ஊர்ல சொல்லணுமா வேணாமா?"

கன்னியம்மாளுக்கு மனசு நிறைந்துபோனது. வண்டியைக் கழுவினாள். ஸீட்டுக்குப் புது உறை தைத்தாள்.

மறுநாள் ஸ்டாண்டுக்கு டிராபிக் போலீசார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பஞ்சமி தீர்த்தத்தன்று பழைய ரோடும் எல்லாச் சந்துகளும் நடந்து வருகிறவர்களுக்கு மட்டும். மெயின் ரோட்டில் கோயில் பக்கம் முழுக்கத் தடுப்பு. அங்கே ஆட்டோ நிற்கக் கூடாது. ஆட்டோக்கள் நேரே வந்து, தாமரைக் கூட்டு ரோட்டில் யு-டர்ன் எடுத்து, எதிர்ப்பக்கத்தில் ஆட்களை இறக்க வேண்டும். அங்கிருந்து போலீசாரே கயிறு பிடித்து மொத்தமாக ரோட்டைக் கடக்க விடுவார்கள்.

கன்னியம்மாள் காதில் விழுந்தது யு-டர்ன் என்கிற ஒரே சொல்தான்.

"அன்னிக்கு உனக்கு லீவுதான் அக்கா," என்றான் புருஷோத்தமன். "உங்க ஊருக்காரங்கள நானே இட்டுகினு போறேன். நீ இங்க குந்திக்கினு டீ குடி." அவன் கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். யோசித்துக்கொண்டே அடுத்த சவாரிக்குக் கிளம்பினாள். வண்டியில் கிருஷ்ணம்மா ஏறினாள். கோயில் வாசலில் தாமரைப்பூ விற்பவள், தினமும் வருகிறவள், வாய் சும்மா இருக்காதவள். பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, லாட்ஜ்காரர் ஒருவருக்குப் பூ கொடுக்க வேண்டும் என்று கோயில் வாசலில் இறங்காமல் சந்து வரைக்கும் வந்தாள். வண்டி இடப்பக்கம் திரும்பியது. கோபுரம் இடப்பக்கம் தெரிந்தது. மறுபடி இடப்பக்கம் திரும்பியது. கோபுரம் இன்னும் இடப்பக்கமே இருந்தது.

கிருஷ்ணம்மா கன்னத்தில் கை வைத்தாள். "ஏம்மா கன்னியம்மா, நீ தினமும் இப்படித்தான் போறியா?"

"ஆமா அத்தே. இன்னாத்துக்குக் கேக்கற?"

"தாயாரு எப்பவும் உன் இடக்கைப் பக்கமா இல்ல கீறா? கோயில இடமா சுத்திக்கினு கீறியே. யாராவது அப்பிரதட்சிணம் பண்ணுவாங்களா?"

கன்னியம்மாள் பிரேக்கைப் போட்டாள். பூக்கூடை சாய்ந்து இரண்டு பூ கீழே விழுந்தது.

கோபுரத்தைப் பார்த்தாள். தன் இடக்கையைப் பார்த்தாள். காலையில் ஒரு சுற்று, வெயிலில் ஒரு சுற்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு சுற்று, நடுவில் எத்தனையோ. கோயிலுக்குள் போனால் ஒரு தப்படிகூட இடமாக வைக்காதவள், வெளியே மாதக்கணக்காகத் தாயாரை இடமாகவே சுற்றியிருக்கிறாள். அதுவும் தாயார் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்ட வண்டியில்.

"அத்தே, எனக்கு நெசமாவே தோணல அத்தே," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதம்மா. நான் வாய வெச்சுக்கினு சும்மா இல்லாம," என்று கிருஷ்ணம்மா பூவைப் பொறுக்கினாள். "வண்டிக்கு இதெல்லாம் கெடையாதுன்னுதான் நெனக்கிறேன்."

சின்னப் பிள்ளையார் கோயில் குருக்களும் அதையேதான் சொன்னார். "வாகனம் போறது வாகனம் போறதும்மா. மனசுல பிரதட்சிணம்னு நெனச்சாத்தான் பிரதட்சிணம்." அவர் சொன்னது சமாதானமாகத்தான் இருந்தது. ஆனால் கோயில் படியிறங்கி வண்டியருகே வந்தால், அந்தச் சமாதானம் வண்டியில் ஏற மறுத்தது.

வீட்டில் முனிகிருஷ்ணன் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"சரி கன்னி. இடமா சுத்தினது போச்சு. இனிமே இன்னா பண்ணப் போற?"

"அந்தச் சந்துல இனிமே நொழைய மாட்டேன்."

"அப்போ திரும்பி வர்றது எப்பிடி?"

"எல்லாரும் எப்பிடி வராங்களோ அப்பிடி."

சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது. பயம்தான். பயம் மட்டுமில்லை. சித்தூர் மைதானத்தில் எட்டுப் போடப் போனபோது இருந்ததே, அந்த வேகமும்.

பஞ்சமி தீர்த்தத்துக்கு முந்தின நாள், வெளுக்கிற நேரத்தில் இருவரும் கூட்டு ரோட்டுக்குப் போனார்கள். முனிகிருஷ்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தைரியத்துக்காகப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ரோடு கிட்டத்தட்டக் காலி. அப்படியும் கன்னியம்மாள் பழையபடியே இடது ஓரத்தில் நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து வலப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதிக்கொண்டு ஒரு போலீஸ்காரப் பெண் வந்தாள். மறுநாள் கூட்டத்துக்காகத் தடுப்பு போட வந்தவள். சட்டையில் ரோஹிணி என்று பெயர் இருந்தது. சித்தூர்க்காரி. தெலுங்கும் தமிழும் அவள் வாயில் ஒன்றாகவே வரும்.

"ஏமம்மா, இங்க எதுக்கு நின்னுகினு கீற?"

"திரும்பணும் மேடம்."

"எங்க திரும்பணும்?"

"அந்தப் பக்கம்."

ரோஹிணி அவளையும் பார்த்தாள், வண்டி நின்ற இடத்தையும் பார்த்தாள். "இடது ஓரத்துல நின்னுகினு வலப்பக்கம் திரும்பணுமா? பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரனுக்கு நீ எங்க போறன்னு சொப்பனமா வரும்? லைசென்சு இருக்கா?"

"இருக்கு மேடம். சித்தூர்ல எட்டுப் போட்டேன். ஒரு கோட்டுலயும் படல."

"நல்லா மெதுவாத்தான் போடுவா மேடம்," என்று பின்னாலிருந்து முனிகிருஷ்ணன் சிபாரிசு செய்தான்.

ரோஹிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடுப்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். "கேளும்மா. கூட்டு ரோடு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வலப்பக்க இண்டிகேட்டரப் போடு. கண்ணாடியில பின்னாடி பாரு. யாரும் இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா டிவைடர ஒட்டி வா. கோட்டுக்குப் பின்னாடி நில்லு. சிக்னல் இருந்தா வலப்பக்க அம்பு பச்சையாவணும். நாங்க நின்னுகினு இருந்தா எங்க கையப் பாரு. திரும்பக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கிற எடத்துல எவன் திரும்பினாலும் நீ திரும்பாத. எதிர்ல வர்ற வண்டிக்கு மொதல்ல வழி. நடக்கிறவங்களுக்கு அதுக்கும் மொதல்ல வழி. அப்பால நிதானமா, நடுவுல நிக்காம, திட்டச் சுத்தி வா. குறுக்க வெட்டாத."

கன்னியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசி வார்த்தையில் தலை நின்றது. "சுத்தி வரும்போது திட்டு எனக்கு எந்தப் பக்கம் இருக்கணும் மேடம்?"

"இதென்ன கேள்வி? வலப்பக்கம்."

"எப்பவுமே?"

"எப்பவுமே வலக்கைப் பக்கந்தான். இடப்பக்கம் இருந்துச்சுன்னா நீ எதிர்ல வர்ற லாரி மேல போயிட்டிருக்கேன்னு அர்த்தம்."

கன்னியம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவர்லூம் சத்தத்தில் கண்ணாலேயே பேசிப் பழகியவர்கள். அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுவில் தாமரைப்பூ. தாயார் வீற்றிருக்கிற பூ. அதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றி வர வேண்டுமாம். சர்க்காரே சட்டம் போட்டு, போலீசை நிறுத்தி, வலம் வரச் சொல்லியிருக்கிறது. இவள்தான் இத்தனை நாள் சந்துக்குள் ஒளிந்துகொண்டு இடமாகச் சுற்றியிருக்கிறாள்.

"போலாமா கன்னி?" என்றான் முனிகிருஷ்ணன்.

காலி ரோட்டில் ஒரு முறை சுற்றி வந்தாள். வண்டி அணையவில்லை. ரோஹிணி அதைப் பார்க்கக்கூட இல்லை. தடுப்பு இழுக்கப் போய்விட்டாள். ஆனால் கன்னியம்மாளுக்குத் தெரியும். எதிரே யாரும் வராத எட்டு மாதிரிதான் இதுவும். நாளைக்குத்தான் இருக்கிறது.

பஞ்சமி தீர்த்தத்தன்று பஸ் ஸ்டாண்டில் ஜனம் வழிந்தது. நகரி பஸ்ஸிலிருந்து தனபாக்கியம் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கையில் மாற்றுப் புடவைப் பை. பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர்.

"ஏண்டி, இதுவா உன் வண்டி? தேராட்டம் கீது."

"ஏறு அக்கா. நேரமாவுது."

புருஷோத்தமன் தன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அக்கா, கடைசியா கேக்கறேன். நான் இட்டுகினு போவட்டா?"

தனபாக்கியம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு இந்தப் புள்ள?"

"நம்ம ஸ்டாண்டுப் புள்ளதான். நல்லவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்," என்றாள் கன்னியம்மாள். அவனிடம், "நான் போய்க்கிறேன் புருசு," என்றாள். அதைச் சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மெயின் ரோடு ஆறு மாதிரி நகர்ந்தது. கார், பஸ், ஆட்டோ, தலையில் மூட்டையோடு நடப்பவர்கள். எங்கிருந்தோ நாதஸ்வரம், எங்கிருந்தோ கோவிந்தா. பின்ஸீட்டில் நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கோபுரம் தெரிந்ததும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வழக்கமான சந்து வந்தது. அதன் வாயில் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் மனிதத் தலைகள். வண்டி அதைக் கடந்து போனது. கன்னியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டாள். டிக் டிக்கென்று அது அடித்தது. கண்ணாடியில் பார்த்தாள். ஒரு வேன். அதற்கு வழிவிட்டாள். மறுபடி பார்த்தாள். காலி. கொஞ்சம் கொஞ்சமாக டிவைடரை ஒட்டி வந்தாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த புருஷோத்தமனின் வண்டி சட்டென்று வலப்பக்கம் நுழைந்தது. கூட்டு ரோட்டுக்கு முன்னால் டிவைடரில் ஓர் இடத்தில் கல் பெயர்ந்து இடைவெளி விட்டிருந்தது. கூட்டு ரோடு வரைக்கும் போய் நிற்கப் பொறுமை இல்லை அவனுக்கு. அரை வண்டி உள்ளே போயிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் வண்டிக் கூரையில் தட்டினார். "தம்பி, ஓரம்கட்டு. சாவியக் குடு."

"பாத்தியா, அந்த வாய் நீளம்," என்றாள் தனபாக்கியம்.

கோட்டுக்குப் பின்னால் கன்னியம்மாள் நின்றாள். சிக்னலை அணைத்துவிட்டு ரோஹிணியே நடுவில் நின்றாள், தாமரைத் திட்டின் ஓரத்தில், கையை நீட்டி. எதிரேயிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. முடிகிற மாதிரியே தெரியவில்லை. கன்னியம்மாளுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரனை அமுக்கியது. அதே மாதிரி பஸ், அதே மாதிரி ஹாரன். கன்னியம்மாள் ரோஹிணியின் கையையே பார்த்தாள்.

குளத்துப் பக்கம் மேளம் உச்சத்துக்கு ஏறியது.

"முழுக்கு ஆரம்பிச்சுட்டாங்களோ?" என்றாள் பின்னால் ஒருத்தி.

"இல்ல, இப்பத்தான் சீர் வருது," என்றாள் இன்னொருத்தி.

"நான் வேணா எறங்கி நடந்துடறேனே கன்னியம்மா," தனபாக்கியம் பையை எடுத்தாள். அவள் முட்டி கன்னியம்மாளுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் அந்தக் காலோடு இறங்கினால் குளம் வரைக்கும் போய்ச் சேரமாட்டாள். போய்ச் சேர்ந்தாலும் முழுக்கு முடிந்திருக்கும்.

"குந்து அக்கா. உன்ன எறக்கிவிடறது என் பொறுப்பு."

ரோஹிணி எதிர்ப்பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். இந்தப் பக்கம் பார்த்து விரலால் வட்டம் போட்டாள். வா.

கன்னியம்மாள் வண்டியை நகர்த்தினாள். அதே சமயம், ஓரத்தில் நின்றிருந்த ஒரு கூட்டம் இறங்கிக் குறுக்கே நடந்தது. மஞ்சள் புடவைப் பெண்கள், தலையில் மஞ்சள் குங்குமத் தட்டுகள். ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் பஸ் உறுமியது. நடக்கிறவங்களுக்கு அதுக்கும் மொதல்ல வழி. கன்னியம்மாள் நின்றாள். வண்டி அணைந்துவிடாமல் விரல் நுனியில் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் டிரைவர் தலையை நீட்டி ஏதோ கத்தினார். இந்த முறை முழுக்கப் புரிந்தது. "திரும்பறதுக்கு இவ்ளோ நேரமா, தாயே?" என்றார்.

"பொறுண்ணா. தாயாருக்குச் சீர் போவுது," என்று அவள் திரும்பாமலே சொன்னாள். பஸ் ஹாரன் நின்றது.

கடைசித் தட்டு கடந்தது. கன்னியம்மாள் வண்டியை விட்டாள். நிதானமாக, குறுக்கே வெட்டாமல். சிமெண்டுத் தாமரை அவள் வலக்கைக்கு வந்தது. ரோஸ் இதழ் ஒவ்வொன்றாக நகர்ந்தது. இடப்பக்கம் ஊரே நிற்கிற மாதிரி இருந்தது, வலப்பக்கம் பூ மட்டும். உதடு தானாக அசைந்தது. கோவிந்தா. அது பின்ஸீட்டுக்குக் கேட்டுவிட்டது. நான்கு பெண்களும் ஒரே குரலில் கோவிந்தா என்றார்கள். ஓரத்தில் நின்ற ஜனம் எதற்கென்று தெரியாமலே திருப்பிச் சொன்னது. அந்த ஜனத்தில் வாட்ச்மேன் சட்டையோடு ஒரு மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றார். முனிகிருஷ்ணன்.

வண்டி சுற்றி முடித்து, எதிர்ப்பக்கத்து இடது ஓரத்தில் வந்து நேராக நின்றது. அணையவில்லை.

"எறங்குங்க, எறங்குங்க. இங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது." தனபாக்கியத்தைக் கைபிடித்து இறக்கினாள். முனிகிருஷ்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டான். மேல்மூச்சு வாங்காமல் ஓடி வந்தான். அதைத்தான் தனபாக்கியம் முதலில் பார்த்தாள். அவன் நெஞ்சில் ஒரு முறை கையை வைத்து எடுத்தாள். போலீசார் கயிற்றைத் தூக்க, எல்லாரும் ஒரே அலையாக ரோட்டைக் கடந்து போனார்கள்.

கன்னியம்மாள் குளத்துக்குப் போகவில்லை. வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது? அடுத்த சவாரி காத்துக்கொண்டிருந்தது. போனாள், வந்தாள், தாமரையைச் சுற்றினாள், மறுபடி போனாள். ஒரு சுற்றின் நடுவே குளத்திலிருந்து எழுந்த கோவிந்தா கூட்டு ரோடு வரை வந்து மோதியது. ஆயிரமாயிரம் பேர் ஒன்றாக முழுகுகிற சத்தம். அவள் கை ஹாண்டிலில் இருந்தது, திட்டு வலப்பக்கம் இருந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. திரும்பி முடித்த பிறகுதான் துடைத்தாள்.

முழுக்கு முடிந்த கையோடு இறக்குமிடத்தில் தனபாக்கியம் வந்து நின்றிருந்தாள். மாற்றுப் புடவை பைக்குள்ளேயே இருந்தது. உடுத்தியிருந்த புடவை நீர் சொட்டியது.

"ஏன் அக்கா, புடவை மாத்தலியா? சளி புடிக்கப் போவுது."

"சும்மா இரு. குனி."

கன்னியம்மாள் ஸீட்டிலிருந்தே தலையை வெளியே நீட்டினாள். தனபாக்கியம் ஈர முந்தானையை அவள் உச்சியில் பிழிந்தாள். குளத்துத் தண்ணீர் நெற்றிக் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு மூக்கு வரை வழிந்தது. பிறகு தனபாக்கியம் முட்டியைப் பிடித்துக்கொண்டே குனிந்து, மிச்சத்தை வண்டியின் முன்சக்கரத்திலும் பிழிந்தாள்.

அபராதம் கட்டிவிட்டு வந்த புருஷோத்தமன் பக்கத்தில் வண்டியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆயிரம் பேர் எதிர்ல எப்பிடி அக்கா திருப்பின?" என்றான்.

"வலக்கைப் பக்கம் பூவ வெச்சுக்கோ புருசு. அப்பால எல்லாம் தானா வரும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தூரத்திலிருந்து ரோஹிணி விசில் ஊதினாள். "ஏ அலமேலு, பண்டி தீயம்மா, வண்டிய எடு. எவ்ளோ நேரம் நிப்ப?"

ஆட்டோவின் பெயரைத்தான் அவள் கூப்பிட்டாள். கன்னியம்மாளுக்கு அது தன்னைக் கூப்பிட்ட மாதிரியே இருந்தது. நனைந்த தலையோடு வண்டியை எடுத்தாள்.